இருபதிலிருந்து

பதினைந்து வயது.
என்னைவிட ஒரு சாண் உயரம்.
தலைக்குத் தண்ணீர் ஊற்ற
பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கிறேன்.
கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும்
அந்தப் பக்கம் என் பிள்ளை
ஆம்பிளையாக நிற்கிறான்.
ஹரிசுதனுக்கு அதில் வெட்கமில்லை.
எனக்குத்தான் சோப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவன் அப்பா லாரியோடு நாக்பூர் தாண்டிவிட்டார்.
"நான் வந்து குளிப்பாட்டுறேன், விடு" என்கிறார் போனில்.
பதினொரு நாளைக்கு ஒருமுறை குளித்தால் போதுமா?

ஐந்து ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடி.
தெரபிஸ்ட் பெயர் பெனசீர்.
இவனுக்கு என்னென்ன வராது என்று
எட்டு டாக்டரிடம் ஒப்பித்த பட்டியலை
மூச்சுவிடாமல் தொடங்கினேன்.
பேனாவை மூடினாள்.
"நீங்க கடைசியா எப்பக்கா முழுசாத் தூங்குனீங்க?"

கொலுசுக்கு வளையம் பற்றவைக்கிற கை இது.
தீ நாக்கின் நுனியில்
நாளைக்கு நானூறு இணைப்பு, ஒன்று பிசகாது.
அந்தக் கை அவள் மேசையின் ரெக்சினைக்
கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டாள், அவனுக்கு என்ன பிடிக்கும்?
ஏற்காட்டு பஸ்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிற்கிற பலகை.
திரும்புமுன்பே எண்ணைச் சொல்லிவிடுவான்.
போன தடவை வாந்தி எடுத்தது நான்தான்.

"அப்பச் சரி, இருபது படி."
குளியலை அவள் அறுத்து அறுத்து வைத்தபோது
இத்தனை நாள் ஒரு மலையை
ஒரே மூச்சில் ஏறச் சொல்லியிருக்கிறோமே என்றிருந்தது.
ஒன்று, உள்ளே போய்க் கொக்கி போடு.
இரண்டு, சட்டை.
இருபது, துண்டைக் கொடியில் போடு.
"ஏறும்போது சொல்லித்தர வேணாங்க்கா,
இறங்கும்போது சொல்லித்தருவோம்.
பத்தொன்பது வரைக்கும் நீங்க.
இருபது அவன்.
முடிச்சு வச்சது தான்தான்னு அவனுக்குத் தெரியட்டும்."

மஞ்சள் அட்டையில் கறுப்பு எண்.
மலைப்பாதையில் இருப்பது போலவே எழுதி
டைல்ஸில் ஒட்டினேன்.

சித்திரை முழுக்க இருபது.
வைகாசியில் பத்தொன்பது, பதினெட்டு.
ஆடியில் பதினொன்றில் வண்டி நின்றது.
பதினொன்று, ஷாம்பு.
அந்த நுரை அவன் காதில் என்ன சத்தம் போடுமோ,
சுவரில் தலையை மோதிக்கொண்டான்.
பாட்டிலை மாற்றினோம்.
சீயக்காய்க்குப் போனோம்.
கடைசியில் கடலை மாவு.
கடலை மாவு சத்தம் போடாது போல.

எனக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தாள்.
இந்த வாரம் குழாய்ப் பக்கம்.
அடுத்து கதவுப் பக்கம்.
அடுத்து முதுகைத் திருப்பி.
அடுத்து வெளியே, முக்காலியில், பேசாமல்.
பேசாமல் என்பதன் கீழே
இரண்டு கோடு.

அவன் ஒரு வளைவு இறங்க
நான் ஒரு டைல் பின்வாங்கினேன்.
பால் மறக்கடித்தபோதுகூட
இவ்வளவு பிடிவாதம் பிடித்தவன் அவனில்லை.
இந்தத் தடவை நான்.

தை பிறந்து நாலு நாள்.
சிவதாபுரம் வீட்டில்
மடியில் அரைக் கொலுசோடு முக்காலியில் இருக்கிறேன்.
கதவு சாத்துகிறது.
"ஒன்று" என்கிறான் உள்ளே.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
எழுந்துவிட்டேன்.
இரண்டு கோடு ஞாபகம் வந்து உட்கார்ந்தேன்.

பிறகு கொக்கி.
நான் உள்ளேயே இருந்தவரை
யாருக்கும் தேவைப்படாமல் துருப்பிடித்த கொக்கி.
இரண்டு முறை இழுபட்டு
மூன்றாவது முறை விழுந்தது.

போன் அடிக்கிறது.
"என்ன பண்றான்?"
"குளிக்கிறான்."
"நீ?"

"எட்டு" என்றது கதவுக்குள்.
மீசைக்கு ரேசர் வாங்கணும்,
வரும்போது சத்தம் போடாததாகப் பார்த்து வாங்கி வாங்க
என்றேன்.